பூ பார்க்க மலை ஏற வேண்டாம்: ராமநாதபுரம் கடற்கரை நடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலை ஒட்டிக் கடற்கரையில் எடுக்கும் பூப்படங்களைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி வைப்பேன். அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு அனுப்புவார்கள். அப்புறம் போன் வரத் தொடங்கும். "இது எந்த இடம்? எப்போது வரலாம்? மலைக்குப் போகிற மாதிரி ஒரு நடை போகலாமா?" கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மலையே இல்லாத ஊரில் பூ பார்க்கும் நடையா?

ஆமாம். இந்தக் கரையில் மலை கிடையாது. ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரில் பர்வதம் இருந்தாலும் அது மணல்மேடுதான். ராமர் பாதம் இருக்கும் மண்டபம் வரை ஆட்டோ போகும். ஆகவே மூச்சு வாங்க ஏறி, உச்சியில் நின்று கையை விரித்துப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

இங்கே பூ தரையோடு தரையாக இருக்கும். மெதுவாக நடந்து, அடிக்கடி குனிய வேண்டும். இதில் என்ன சிரமம் என்று நினைக்க வேண்டாம். மணலில் கால் புதையப் புதைய இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

வசந்த காலத்தில்தானே பூக்கும்? சித்திரை விடுமுறையில் வரட்டுமா?

வேண்டாம். எனக்கு அதிகமாக வரும் கேள்வியும் இதுதான், அதிகமாக ஏமாந்து திரும்பியவர்கள் கேட்டதும் இதுதான். இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் இங்கே வந்தால் காய்ந்த புல்லையும் வெள்ளை மணலையும் பார்த்துவிட்டு இளநீர் குடித்துத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் மணலில் தூங்கிக் கிடந்த விதைகள் முளைக்கும். கார்த்திகையில் புயல் சின்னமும் அடைமழையுமாக இருக்கும். அப்போது கடற்கரை நடை பற்றி யோசிக்கவே வேண்டாம். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயல்கூட டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, மார்கழி பிறந்த பின்தான் வந்தது. அதனால் மார்கழியின் கடைசி வாரத்திலிருந்து மாசி முடிய என்று நான் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும், வெயில் பொறுக்கும்படி இருக்கும். எங்கள் வசந்தம் தை மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனிக்கு மேல் பூவே இல்லை என்று அர்த்தமில்லை. அப்போது தரைச்செடிகள் காய, மரங்கள் பூக்க ஆரம்பிக்கும். சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்கு வேப்பம்பூ எங்கிருந்து வருகிறது? ஆனால் அதை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாமே, அதற்கு நடை எதற்கு?

காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும்? சாயங்காலம் போனால் ஆகாதா?

விடிந்ததும் போங்கள். காரணம் அடும்பு. அடப்பங்கொடி, ஆட்டுக்கால் கொடி என்று ஊருக்கு ஊர் பெயர் உண்டு. மணல்மேட்டின் கடல் பக்கத்துச் சரிவு முழுக்கப் பச்சைக் கயிறு இழுத்துப் போட்டதுபோல ஓடும் கொடி இது. இலை நடுவில் பிளந்து குளம்பு மாதிரி இருக்கும். சங்கப் பாட்டில் இதை மானின் அடிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் ஆட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

காலை ஏழு மணிக்கு ஒரு பூவின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். ஊதாவும் ரோஜாவும் கலந்த புனல் வடிவப் பூ. வாய் அகலமாக விரிந்திருக்கும். உள்ளே போகப் போக நிறம் அடர்ந்து, அடியில் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். விளிம்பில் பனித்துளி நிற்கும். சிறு தேனீ ஒன்று உள்ளே இறங்கி, முதுகில் வெள்ளைத் தூளோடு வெளியே வரும். ஒன்பது, பத்து மணி வெயில் ஏறியதும் விளிம்பு சுருங்கத் தொடங்கும். மத்தியானத்தில் பூ சுருண்டு வாடிவிடும். அந்தப் பூ மறுநாள் விரியாது. அதற்குப் பக்கத்து மொட்டு விரியும். சாயங்காலம் போனவர்கள் "ஒரு பூவும் இல்லையே" என்று சொல்வது இதனால்தான்.

சாயங்காலத்துக்கு வேறு ஒன்று இருக்கிறது. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டோடு விரியும். பொழுது சாயச் சாயச் சிவந்துகொண்டே வந்து, பிறகு உதிரும். மீனவர் குடியிருப்புகளை ஒட்டி நிழலுக்காக நிறைய வைத்திருக்கிறார்கள். ஒரே மரத்தில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து இருந்தால் இரண்டு வகைப் பூ என்று நினைத்துவிட வேண்டாம்.

எங்கே நடப்பது?

தனுஷ்கோடிதான் எல்லோரும் கேட்கும் இடம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டது. ராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்தும் போகிறது. ஆனால் பூ பார்க்க அரிச்சல்முனை வரை போகத் தேவையில்லை. அங்கே கூட்டமும் ஐஸ்கிரீம் வண்டியும்தான். பாதி வழியில் இறங்கி, சாலைக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் மணல்மேடுகளைப் பாருங்கள். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை; ஊர்க்காரர்கள் ஆண்கடல், பெண்கடல் என்பார்கள். தை மாதம் வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம்போல் கிடக்கும். காற்று உங்களைத் தள்ளாத பக்கமாக நடங்கள்.

கோதண்டராமர் கோவிலுக்குத் திரும்பும் சாலை எனக்கு இன்னும் பிடித்தது. 1964 புயலுக்குத் தப்பிய கோவில் அது. சாலையின் இரண்டு பக்கமும் உப்புநீர் தேங்கி நிற்கும் களர். அங்கே உமரி படர்ந்திருக்கும். அதன் பூ கண்ணுக்கே தெரியாது. செடியே செந்நிறமாகிவிடுவதால் தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் பூ என்று தோன்றும். குளிர்காலத்தில் இந்தப் பக்கத்து ஆழமில்லாத நீரில் பூநாரைக் கூட்டம் வந்து நிற்கும். தனுஷ்கோடிப் பகுதியை 2025இல் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. பூ பார்க்க வந்து பறவை பார்த்துத் திரும்பியவர்கள் பலர்.

கந்தமாதன பர்வதம் போகும் வழியில் உடைமரங்களைப் பாருங்கள். குடை விரித்ததுபோல் தலை தட்டையாக இருக்கும் மரம். குடைவேல் என்றும் சொல்வார்கள். இந்தக் கரைக்கே உரிய தோற்றத்தைத் தருவது இதுதான். பூ வெள்ளை உருண்டையாக, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். முள் மட்டும் தாராளம்.

தீவுக்கு வர நேரமில்லாதவர்களுக்கு உச்சிப்புளி பக்கம் அரியமான். சவுக்குத் தோப்புக்குள் எதுவும் தேட வேண்டாம். உதிர்ந்த சவுக்கு ஊசி மெத்தைபோல் மூடிக்கிடப்பதால் அடியில் செடி பிழைப்பது அரிது. தோப்பைத் தாண்டிக் கடலுக்கு முன்னால் இருக்கும் திறந்த மணலுக்கு வாருங்கள். தெற்கே வாலிநோக்கம், மாரியூர் கரை ஆள் குறைவு. தனியாகப் போகாமல் துணையோடு போங்கள்.

காரங்காடு வேறு ரகம். தொண்டி போகும் வழியில் உள்ள அந்த ஊரில் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். கண்டல் மரம் கோடையில் பூக்கும். சிறு மஞ்சள் பூ, தேனீக்குப் பிடித்தது. பங்குனி, சித்திரையில்தான் வரமுடியும் என்று அடம்பிடிப்பவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

உருண்டையான முள்பந்து ஒன்று மணலில் ஓடுகிறதே, அது என்ன?

ராவணன் மீசை. மணல்மேட்டில் கோரை மாதிரிக் குத்திட்டு நிற்கும் முள்புல். ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியின் பூந்தலை முற்றியதும் காம்பிலிருந்து கழன்று, காற்றில் முள்நுனிகளில் நின்றபடியே உருண்டு ஓடும். போகிற வழியெல்லாம் விதையை உதிர்த்து, எங்காவது கொடியில் மாட்டி நின்று அங்கேயே புதையும். பிள்ளைகள் இதைத் துரத்தி ஓடுவார்கள். துரத்தட்டும், கையால் பிடிக்கும்போது மட்டும் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வேறு என்னென்ன பூக்கள் தெரியும்?

மணல்மேட்டுக்குப் பின்னால், நிலம் கொஞ்சம் கெட்டிப்படும் இடத்தில் கொழிஞ்சி ஊதாவாகவும் கிலுகிலுப்பை மஞ்சளாகவும் பூத்திருக்கும். கிலுகிலுப்பையின் காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். தும்பை மழைக்குப் பிறகு எங்கும் இருக்கும். நெருஞ்சி மஞ்சளாக அழகாகச் சிரிக்கும், கிட்டப் போனால் காலைப் பதம் பார்க்கும். ஆவாரை தை மாதத்துப் பூ. போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் கட்டுவது இதைத்தான்.

எருக்கை யாரும் பூவாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு எருக்கஞ்செடி முன்னால் பத்து நிமிடம் நின்றால் கருவண்டு ஒன்று வரும். கட்டைவிரல் தலை அளவு, நீலம் பளபளக்கும் இறக்கை. கிரீடம்போல் நடுவில் நிற்கும் பகுதியைக் கட்டிப்பிடித்துத் தேன் குடிக்கும். மற்றப் பூக்களில் மகரந்தம் தூளாக ஒட்டும்; எருக்கில் அது சின்னப் பொட்டலமாக வண்டின் காலில் மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் போய் அந்தப் பொட்டலம் இறங்கினால்தான் காய். படம் எடுக்கும் ஆர்வத்தில் காம்பை ஒடிக்காதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

வேலிகளில் செங்காந்தள் ஏறியிருப்பதைப் பார்க்கலாம். நம் மாநில மலர். மழைக்காலத்திலேயே பூத்து முடிந்துவிடும் என்பதால் தை மாதத்தில் வருபவர்களுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். மணலில் தானாக முளைத்து நிற்கும் நித்தியகல்யாணியும் உண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகளை இதிலிருந்துதான் பிரிக்கிறார்கள்.

சுற்றிலும் உப்புத் தண்ணீர். செடி எப்படிப் பிழைக்கிறது?

தனுஷ்கோடியில் குடியிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்பதால் இப்படி. மனிதர்கள் அகப்பையால் முகந்து குடத்தில் ஊற்றிய அதே தண்ணீரைத்தான் செடியின் வேரும் எட்டிப் பிடிக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும்.

வேருக்குத் தண்ணீர் கிடைத்தாலும் மேலே உப்புக்காற்று விடாது. அதற்கு இலையைத் தடிப்பாக வைத்துக்கொள்ளும் செடிகள் பல. அலை தொடும் இடம் வரை வரும் வங்காரவள்ளையின் இலையைக் கிள்ளிப் பாருங்கள், சதைப்பிடிப்பாக நீர் கோத்திருக்கும். அதன் பூ நட்சத்திரம் மாதிரி, இளஞ்சிவப்பு, விரல்நகத்தில் பாதி.

கொடியின் மேல் நடந்தால் என்ன ஆகிவிடும்? வெறும் கொடிதானே?

அடும்பு கணுவுக்குக் கணு வேர் விட்டுப் போகும். காற்றில் வரும் மணல் அதன் இலையில் தடுக்கி விழும். கொடி மணலுக்கு மேலே மறுபடி தலை தூக்கும். மறுபடி மணல் சேரும். மணல்மேடு இப்படித்தான் வளர்கிறது. கொடி அறுந்தால் அந்த இடத்தில் காற்று மணலைத் தோண்டி எடுக்கும். பள்ளம் விழுந்தால் பக்கத்துக் கொடியும் வேர் தெரிய நிற்கும்.

ஒருவர் ஓரமாக நடந்து போவதால் எதுவும் குடிமுழுகாது. வண்டிதான் பிரச்சினை. மணலில் ஜீப்பை ஏற்றி வட்டம் அடித்து ரீல்ஸ் எடுக்கும் கோஷ்டிகள் வந்து போன தடம் அடுத்த மழை வரை ஆறுவதில்லை. வண்டியைச் சாலையிலேயே நிறுத்துங்கள். இன்னொன்று: தை மாதம் தொடங்கிப் பங்குனி தாண்டியும் பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. எல்லாக் குழியும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு மணல்மேட்டில் திரிய வேண்டாம்.

பறிக்கலாமா? ஒரு செடியைப் பிடுங்கிப்போய் மாடித்தோட்டத்தில் வைக்கலாமா?

காப்புக் கட்ட ஒரு கொத்து ஆவாரம்பூ ஒடிப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். அடும்பைப் பிடுங்காதீர்கள். செங்காந்தளின் கிழங்கும் விதையும் கடும் விஷம், உயிரையே எடுக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. இலை, பூவைக்கூட வாயில் வைக்க விடாதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டி வரலாமா?

தாராளமாக. கோதண்டராமர் கோவில் சாலை தார்ச்சாலைதான். மெல்ல நடந்தாலே உமரியும் உடைமரமும் பறவையும் தெரியும். மணலில் இறங்க வேண்டாம். வெயிலுக்கு முன் திரும்பிவிடுங்கள், வழியில் நிழல் குறைவு.

செருப்பா, ஷூவா?

தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு போதும். உடைமுள் மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். ஷூ என்றால் மணல் நிறைந்துவிடும். தொப்பியோ துண்டோ, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குப்பையைப் போட்டுக்கொள்ள ஒரு பை. போதும்.

தீவுகளில் இன்னும் நிறையப் பூக்கள் இருக்குமாமே? படகு பேசிப் போகலாமா?

நீங்களாகப் படகு பேசிப் போகக்கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைப்பது குற்றம். "நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு விலகிவிடுங்கள்.

எனக்கு மலைப்பூதான் வேண்டும், அதுவும் பங்குனியில். என்ன செய்வது?

ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு மலைக்கு ஏங்குவது புரிகிறது. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் ரோடோடெண்ட்ரான் மரங்கள் தை, மாசியில் சிவக்கச் சிவக்கப் பூக்கும். நீலக்குறிஞ்சி கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018இல். 12 வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. அதுவும் வசந்தத்தில் இல்லை, ஆடி தொடங்கிப் புரட்டாசி வரை.

பங்குனியில் மலை ஏறுவது பற்றி ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. தீக்காலத்தில் பாதைகளை மூடுவது வழக்கமாகிவிட்டது. வனத்துறை அனுமதித்த பாதையில், அவர்கள் வழிகாட்டியோடு, திறந்திருக்கும் மாதத்தில் மட்டும் போங்கள். உள்ளூர் ஆளுக்குக் காசு கொடுத்துக் குறுக்குவழியில் ஏறும் வேலை வேண்டவே வேண்டாம்.

மழை பொய்த்த வருடம் வந்தால் என்ன பார்ப்பது?

தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டம். பொய்த்த வருடங்கள் வரத்தான் செய்யும். அடும்பும் எருக்கும் அப்போதும் கைவிடாது. கொழிஞ்சி, தும்பை எல்லாம் தலைகாட்டாது. நல்ல மழை பெய்த வருடத்தில் கடற்கரையோடு நிற்காமல் உள்ளே கண்மாய், ஊருணிப் பக்கமும் ஒரு சுற்றுப் போங்கள். அல்லியும் நெய்தலும் நீர் தெரியாமல் மூடியிருக்கும். வெள்ளை அல்லி இரவில் விரிவது, வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். நீல நெய்தல் பகலில் விரியும். கண்மாயை முதலில் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வர நினைத்தால் அடும்பு கைநழுவிப் போகும். இரண்டையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள்.

சாப்பாடு?

தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் குடிசைக் கடைகளில் மீன் பொரித்துத் தருவார்கள். விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தை மாதம் என்றால் சாலையோரம் பனங்கிழங்கு அவித்துக் கட்டி வைத்திருப்பார்கள். நாரை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். மாசி பாதிக்கு மேல் வந்தால் பதநீர் கிடைக்கும். அது காலையிலேயே தீர்ந்துவிடும், நடை முடிந்ததும் நேராகப் போய்விடுங்கள்.